விழுந்தால் சொல்லும் போன்

வட்டிக்கடைக்குப் பெயிண்டர் தரவேண்டிய பாக்கி பதினேழாயிரத்து நானூறு. பாதி வர்ணம் அடித்த மாடியறையில் வசூல்காரன் அவரைச் சுவரோடு சேர்த்து அறைந்தான். உதடு கிழிந்தது.

"அழுதா வட்டி கழியுமாடா?"

அடுத்த உதையில் பெயிண்டர் சுருண்டு விழுந்தார். அவர் சட்டைப்பையில் இருந்த போன் பேசியது: "நீங்கள் பலமாக விழுந்துவிட்டீர்கள். வீட்டுக்குத் தகவல் போகிறது."

"என்னடா இது?"

"சாரத்துல ஏறி வேலை செய்யிறவன்ல... அதுக்குன்னு ஒரு ஆப் போட்டிருக்கேன்."

"எவன் வந்தாலும் உன் முதுகெலும்பு எனக்குத்தான்!" என்று வசூல்காரன் கீழே கிடந்த சாரக்கட்டையை எடுத்து ஓங்கினான். அதற்குள் அவனுடைய போன் அலறியது.

"சின்னவனே, உங்கண்ணன் சாரத்துலேர்ந்து விழுந்துட்டான் போலடா! எங்க இருந்தாலும் ஓடுடா!" அம்மா கதறினாள்.

கட்டை கைநழுவி விழுந்தது.

"பக்கத்துலதான்மா இருக்கேன்."

போனை வைத்துவிட்டுக் குனிந்தான்.

"அந்தப் பாக்கிய என் கூலில கழிச்சுக்கச் சொல்றேன். எந்திரிண்ணே."