அழிபடும் வட்டங்கள்

அலவத்துகொட வீட்டு மேசையில், டொக்டர் நிரப்பச் சொன்ன குடும்ப வரைபடம் கிடக்கிறது. பெண்களுக்கு வட்டம்; புற்றுநோய் வந்தவர்களுக்குக் கறுப்பு வட்டம். ஒரு மார்பை இழந்த றுமைஸா, புற்றுநோயில் மௌத்தாகிப்போன மாமிமார் இருவரையும் பென்சிலால் கறுப்பாக்கியிருக்கிறாள். அவர்களின் சகோதரரான வாப்பா மஹ்ரூப் ரப்பரால் அழித்துக்கொண்டிருக்கிறார். "தங்கச்சிக்குக் கலியாணம் பேசுற நேரம் இதெல்லாம் எழுதோணுமா?" றுமைஸாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனை காலமும் உம்மாவின் ரத்தத்தைத்தானே இந்த வீடு குற்றம் சொன்னது! தங்கையைத் தவிர எல்லோரையும் சோதித்தாயிற்று, பழுதான மரபணு வாப்பாவிடமிருந்து வந்தது. தங்கை ரிப்காவிடமும் அது இருக்கலாம், பாதிக்குப் பாதி. "நீங்க அழிச்சா அவட உடம்புலயும் அழிஞ்சிருமா, வாப்பா?" அவர் ரப்பர் தூளை ஊதுகிறார், ஜன்னல் வெயிலில் அது மினுங்கி விழுகிறது. தேத்தண்ணி கொண்டுவந்த ரிப்கா, தட்டை வைத்துவிட்டுப் பென்சிலை எடுக்கிறாள். "இதுல என்ட வட்டம் எது?"