எங்க வீட்டுப் பொம்பளைங்க

“தொட்டுப் பாருங்க சார், கடிக்காது” என்று சிரித்தார் டாக்டரம்மா.

மேஜையில், மார்பை எடுப்பாக்க உள்ளே வைத்துத் தைக்கிற சிலிக்கோன் பைகள் சின்னதும் பெரியதுமாக இருந்தன. லிங்கேஸ்வரன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டான். அவன் மனைவி சிவரஞ்சனிதான் ஒவ்வொன்றாக எடுத்து, சந்தையில் தக்காளி பொறுக்குகிறவள் மாதிரி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இராஜபாளையத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தெரிந்த முகம் ஒன்று எதிரே வரும். அதனால் மதுரையிலிருந்து வாரம் ஒருநாள் வருகிற இந்த டாக்டரைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தார்கள். வீட்டில் கேட்டால் ஆண்டாள் கோயிலுக்குப் போனதாகச் சொல்லிக்கொள்ளலாம். சாட்சிக்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டால் போயிற்று.

“ஊருக்கே ஜாக்கெட் தைக்கேன் டாக்டர்” என்றாள் ரஞ்சனி. “ரெண்டு பிள்ளைக்குப் பால் குடுத்த பொறவு, எனக்குத் தச்சதுதான் தொளதொளன்னு நிக்குது. கண்ணாடி முன்னால நிக்கவே பிடிக்கல. இவியளுக்காக இல்ல, எனக்காகத்தான் கேக்கேன்.”

அவள் கேட்டு எதற்கும் மாட்டேன் என்று சொன்னவன் இல்லை லிங்கேஸ்வரன். இதற்கு மட்டும் மாசக்கணக்கில் மல்லுக்கட்டினான். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டால் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினான். டாக்டர் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே என்று வழியெல்லாம் சாமியைக் கும்பிட்டபடி வந்தான்.

ரஞ்சனியின் கண் திடீரென்று அவன் சட்டையில் நின்றது. “ஏங்க, என்ன கறை இது? காலையில இஸ்திரி போட்டுல்ல எடுத்துத் தந்தேன்!”

வலது மார்பில் துருப்பிடித்த மாதிரி ஒரு பொட்டு. “தறி எண்ணெயா இருக்கும், விடுட்டி” என்று கைப்பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். “குடும்பத்துல யாருக்காவது மார்புப் புற்றுநோய் வந்திருக்காம்மா? அம்மா, சித்தி, பெரியம்மா, கூடப் பொறந்தவங்க?”

“யாருக்கும் இல்ல டாக்டர். எங்க அம்மா கான்சாபுரத்துல இன்னும் களையெடுக்கப் போயிட்டுத்தான் இருக்காவ.”

“இருக்கு டாக்டர்!” லிங்கேஸ்வரனின் குரல் எக்கச்சக்கமாக உயர்ந்துவிட்டது. “மொதல்ல எங்க அம்மா. பொறவு எங்க அக்கா. எங்க வீட்டுப் பொம்பளைங்களை அது விடாது டாக்டர். இவளும் எங்க வீட்டுக்குத்தான வந்திருக்கா?”

தாய் இருளம்மாளின் புண்ணைக் கட்டியது அவன் தறியில் நெய்த பேண்டேஜ் துணிதான். அக்கா பாண்டிசெல்வி வெட்கப்பட்டு மறைத்து மறைத்து வைத்திருந்து, வெளியில் சொன்னபோது மதுரை ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். இருவரும் கிடந்த அறையின் வாடை இன்னும் அவன் மூக்கை விட்டுப் போகவில்லை. அடுத்து அந்தக் கட்டிலில் ரஞ்சனி கிடப்பாளோ என்றுதான் மாசக்கணக்கில் மல்லுக்கட்டினான்.

டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. “அக்காவுக்கு அப்ப என்ன வயசு?”

“நாப்பதுகூட ஆகல.”

“நீங்க ரெண்டு பேரும் சொந்தத்துல கட்டினவங்களா? அத்தை மக, மாமன் மகன், இப்படி?”

“இல்ல டாக்டர், அசல்தான்” என்று ரஞ்சனி முந்திக்கொண்டாள். “கல்யாணத்துக்கு முன்னாடி இவிய யாரு, நான் யாரு!”

“அப்ப நீங்க இவங்களை நெனச்சுப் பயப்பட வேண்டியதில்ல சார். வீட்டுக்கு வாழ வந்ததால ஒட்டிக்க அது ஒட்டுவாரொட்டி இல்ல. சில குடும்பத்துல ரத்தத்தோட இறங்கும். உங்க அம்மா ரத்தம் இவங்க உடம்புல இல்லையே. எல்லாப் பொம்பளைங்களுக்கும் உள்ள பயம் எம்புட்டோ, இவங்களுக்கும் அம்புட்டுத்தான். ஸ்கேன் பாத்துட்டுத்தான் ஆபரேஷனே செய்வோம்.”

“கேட்டியளா? நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்!” என்றாள் ரஞ்சனி.

லிங்கேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளுக்கு வராது. வேறெதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் என்று டாக்டர் சொல்ல வேண்டும் என வேண்டிக்கொண்டதுகூட மறந்துபோயிற்று. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக மேஜைப் பக்கம் கையை நீட்டினான்.

“இதுல எது இவளுக்குத் தோதா இருக்கும்னு நீங்களே சொல்லிருங்க டாக்டர்.”

டாக்டரம்மா மேஜையைப் பார்க்கவில்லை. அவன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டு இப்போது காசளவுக்கு அகன்று, நடுவில் சிவப்பாக ஈரம் காட்டியது. சிலிக்கோன் பைகளை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துபோய், பரிசோதனைக் கட்டிலின் திரையை விலக்கினார்.

தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ரஞ்சனி சேலையைச் சரிசெய்தபடி எழுந்தாள்.

“நீங்க உக்காருங்கம்மா” என்ற டாக்டரம்மா, லிங்கேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

“ஆம்பளைக்கும் வரும் சார். சட்டையைக் கழத்துங்க.”