வீட்டில் விழவில்லை

“எப்படிம்மா அடிபட்டுச்சு?”

டாக்டர் கேட்டதும், துணி சுற்றிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு பெருமாயி சொன்னாள்.

“வீட்ல வழுக்கி விழுந்துட்டேங்க.”

“ஆமாங்க, வாசப்படியில,” என்றான் அவள் புருஷன் ராக்கன்.

வாசலில் டேனி சார் நின்றிருந்தார். கொடைக்கானலில் அவர்கள் இருவரும் வேலை பார்க்கும் ரிசார்ட்டின் முதலாளி. சீட்டெல்லாம் ரத்தமாகுமே என்று பார்க்காமல் தன் காரிலேயே அவளை ஏற்றி வந்தவர். செலவு முழுவதும் தன்னுடையது என்று கவுண்டரில் சொல்லியும் விட்டிருந்தார்.

“பொய் டாக்டர்,” என்றாள் கூட வந்திருந்த ஆக்ஸிலியா.

ரிசார்ட்டில் சலவைக்கும் ரூம் வேலைக்கும் அவள்தான் சூப்பர்வைசர்.

“பெட்ஷீட் தேய்க்கிற மெஷின்ல ரோலர் கைய இழுத்துடுச்சு. வேலை நேரத்துல. அப்படியே எழுதுங்க.”

டேனி சார் செல்போனைப் பார்த்தபடி வெளியே போனார். டாக்டர் ஆக்ஸிலியா சொன்னதையே எழுதிக்கொண்டார்.

வராந்தாவில் ராக்கன் அவளை மறித்தான்.

“உங்களுக்கு என்னக்கா கேடு? சார் மேல கேஸ் வரணுமா? கிறிஸ்மஸுக்கு லீவு தரலன்னு வஞ்சம் தீர்க்கிறீங்களா?”

“அப்படியே வச்சுக்க.”

“வடகவுஞ்சியிலேர்ந்து கூட்டியாந்து, ரெண்டு பேருக்கும் சோலி குடுத்து, இருக்க எடமும் குடுத்தவரு. அவரப் போய் காட்டிக் குடுக்கிறீங்க. நாங்க அப்படி வளரல.”

“நல்லாத்தான் வளந்திருக்க. நாளைக்கு இவ விரலு மடங்கலேன்னா, நீ வளந்த அழகு வந்து இவளுக்குச் சோறு ஊட்டுமா?”

ராக்கன் கையை ஓங்கிவிட்டான். நர்ஸ் ஓடிவந்து நடுவில் நின்றாள்.

அவர்கள் திரும்புவதற்குள் செய்தி ரிசார்ட்டுக்குப் போய்விட்டது. சமையல்கட்டில் ஆக்ஸிலியாவுக்கு யாரும் டீ ஊற்றவில்லை. “நன்றி கெட்ட ஜென்மம்,” என்றார் மாஸ்டர் சின்னச்சாமி, அவள் காதில் விழும்படியே.

அவள் டீ இல்லாமலே போய் டேனி சார் மேசை முன்னால் நின்றாள். விபத்தை இ.எஸ்.ஐ.க்குத் தெரிவிக்க வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரியில் எழுதியாகிவிட்டது. அவருக்கும் வேறு வழியில்லை. தெரிவித்தார். அந்த வாரமே சூப்பர்வைசர் வேலை வேறொருத்திக்குப் போனது. ஆக்ஸிலியா அழுக்குத்துணி மூட்டை தூக்க ஆரம்பித்தாள்.

“வேணும் அவளுக்கு,” என்றான் ராக்கன்.

மதுரை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பெருமாயியின் கையைத் திறந்து நரம்பைச் சேர்த்தார்கள். ராக்கன் பயந்துகொண்டே கவுண்டரில் கேட்டான்.

“ஆபரேஷனுக்கு எங்கங்க பணம் கட்டணும்?”

“எதுக்குப்பா கட்டணும்?”

மருந்துக்கும் கேட்கவில்லை. விரல்களை நீட்டிப் பிடிக்கும் பட்டைக்கும் கேட்கவில்லை. வேலைக்குப் போகாத நாட்களுக்கும் சம்பளத்தில் பெரும்பகுதி அவள் பேங்க் கணக்கில் வந்து விழுந்தது.

விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் புவனா. பஞ்சுப் பந்து ஒன்றைப் பெருமாயியின் உள்ளங்கையில் வைத்து, “அழறதுன்னா அழுதுக்கம்மா. ஆனா அமுக்கு,” என்பாள்.

ஒருநாள் ராக்கன் அவளிடம் கேட்டான். “இதெல்லாம் எங்க டேனி சார் குடுக்கிறதாங்க?”

“இல்லண்ணே. உங்க சம்பளத்துல மாசாமாசம் பிடிக்கிறாங்கல்ல? அவரும் போடுறாரு. அதுக்காகத்தான் இது. விரலு முழுசா சரியாகலேன்னா, ஆயுசுக்கும் மாசாமாசம் ஒரு தொகை வரும்.”

“வீட்ல விழுந்திருந்தா?”

“வைத்தியம் பாப்போம். கொஞ்ச நாளைக்குக் கொஞ்சம் சம்பளம் வரும். ஆயுசுக்கும் வர்றது வராது. வேலையில பட்ட அடிக்குத்தான் அது.”

 மலையேறும் பஸ்ஸில் ராக்கன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பனிமூட்டத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

“ஆக்ஸிலியாக்காகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பேசுறது?” என்றான் கடைசியில்.

“இருக்கிற மூஞ்சிய வச்சுத்தான்,” என்றாள் பெருமாயி.

அவள் வேலைக்குத் திரும்பியபோது சீசன் தொடங்கியிருந்தது. வரவேற்பறையில் பெட்டிகளோடு கூட்டம். டேனி சார் அவளைக் கண்டதும் எழுந்து வந்தார். அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

“எங்க ஸ்டாஃப்,” என்றார் பக்கத்திலிருந்த குடும்பத்திடம். “மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான்னு நெனச்சோம். விட்டுடுவமா? நானே கார்ல தூக்கிப்போட்டுட்டு ஓடினேன். இப்ப பாருங்க. மெஷினுக்கும் தடுப்பு போட்டாச்சு.”

“உங்கள மாதிரி முதலாளி கெடைக்கணுமே சார்,” என்றார் அந்தக் குடும்பத்தின் பெரியவர்.

பெருமாயி ஓரடி முன்னால் வந்தாள். இரண்டு கைகளையும் மெல்ல மார்புக்கு நேராகக் கொண்டுவந்து கும்பிட்டாள். சுண்டுவிரல் ஒன்று மட்டும் மடங்கி நின்றது. மற்ற விரல்கள் இடது கைவிரல்களோடு ஒட்டிச் சேர்ந்தன.

டேனி சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்கெதுக்கும்மா கும்பிடு? என் கடமையத்தானே செஞ்சேன்.”

கையை இறக்காமலே பெருமாயி சொன்னாள்.

“கொஞ்சம் தள்ளிக்குங்க சார். பின்னால ஆக்ஸிலியாக்கா நிக்கிறாங்க, மறைக்குது.”