வண்டி மை

ஆலங்குடிச் சாலையோரம், புளியமரத்தடியில் அந்தப் பழைய வாடகைக் கார் பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது. யாக்கூப் ராவுத்தர் வீட்டில் ஆறு வாய்க்குச் சோறு போடும் கார் அது, பாருங்கள். மெக்கானிக் கண்ணுசாமி ஸ்டியரிங் பெட்டியின் மூடியைத் திருகி எடுத்து உள்ளே விரலை விடுகிறார். விரல் கறுப்பாக வருகிறது. தேய்த்துப் பார்த்தால் நறநறவென்கிறது. "என்ன ராவுத்தரே, மாட்டுவண்டி அச்சுக்குப் போடுற மையவா இதுல அடைச்சீங்க?" "எண்ணெய் ஊத்த ஊத்த ஒழுகுச்சு. மைன்னா கெட்டியா நிக்கும்னு போட்டேன்," என்கிறார் யாக்கூப். "வெளக்கெண்ணெயில வைக்கோல் கரியக் கொழச்சதுங்க அது. கட்டைவண்டிக்குச் சரி. இங்க பல்லையெல்லாம் அரைச்சுத் தின்னுருச்சே. இந்தக் காருக்கு வேற பல்சக்கரம் இனிச் சீமையிலயும் கெடைக்காது." யாக்கூப் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். அது அரைவட்டம் போகிறது, முன்சக்கரங்கள் அசையவில்லை. இலைகளின் ஊடே விழும் வெயில் அவர் மணிக்கட்டில் ஆடுகிறது. இறங்கி வந்து, மைக்குப் பதிலாக ஊற்றலாமென்று நேற்றுப் புதுக்கோட்டையில் கடைகடையாகக் கேட்டு வாங்கிய கெட்டி கியர் ஆயில் டப்பாவை எடுக்கிறார். "இனி எதுக்கு அது, வீணா?" என்கிறார் கண்ணுசாமி. யாக்கூப் டப்பாவின் மூடியைத் திறந்து சாய்க்கிறார். தேன் நிறத்தில் எண்ணெய் நூலாகப் பெட்டிக்குள் இறங்குகிறது. கடைசிச் சொட்டு விழும்வரை டப்பாவைக் கவிழ்த்தே பிடித்திருக்கிறார். காருக்கு அடியில் அது மண்ணில் ஒழுகத் தொடங்குகிறது.