சத்தம் கம்மியான கிட்டார்

“ஆம்ப் வேண்டாம்க்கா. சும்மாவே வாசிச்சுப் பாக்கறேன்.”

கடைக்கார அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. எலக்ட்ரிக் கிட்டார் வாங்க வந்துவிட்டு, சத்தம் கூட்டும் ஆம்பில் மாட்டாமல் பார்க்கிறானாம். செருப்புக் கடைக்கு வந்தவன் காலில் போட்டுப் பார்க்காமல் மோந்து பார்த்த கதைதான்.

மேஜை மேல் இரண்டு கறுப்புக் கிட்டார்கள் கிடந்தன. ஒரே கம்பெனி, ஒரே வடிவம், ஒரே விலை. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இரண்டும் உள்ளே கூடு இல்லாத முழுக்கட்டை. மரம் மட்டும்தான் வேறு. ஒன்று கனம், மற்றது லேசு.

“லேசா இருக்கறதுதான் நல்லாப் பேசும் தம்பி. கனமா இருக்கறது கொஞ்சம் ஊமை.”

“நிஜமாவா?” இளைஞன் முகம் மலர்ந்தது. “அக்கா, ஒரு உதவி. நீங்க அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறீங்களா? ரெண்டையும் வாசிக்கறேன். எது உள்ள கேக்குதுன்னு சொல்லுங்க.”

கல்லாப்பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். பையனுக்குப் பால் வடிகிற முகம். சரி, போய்த் தொலைவோம் என்று சரக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலில் வாசித்தது மெலிதாகக் கேட்டது. நல்ல விரல்! ஆள் கற்றுக்குட்டி இல்லை. இரண்டாவதுக்குக் காத்திருந்தாள், காத்திருந்தாள்.

“ரெண்டாவதை வாசி தம்பி!”

“வாசிச்சு முடிச்சுட்டேன்க்கா!”

வெளியே வந்தபோது அவன் கனமான கிட்டாரைக் கட்டிக்கொண்டு நின்றான். “இதையே குடுங்க.”

“கேக்காத கிட்டாரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?”

“அண்ணன் காதுல விழக் கூடாதுக்கா.”

“ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு வாசியேன்.”

“அப்பவும் கம்பிச் சத்தம் வெளிய வருமே. வீட்டுல உள்ள கூடு வெச்ச சாதாரணக் கிட்டார் ஒண்ணு இருக்கு. தொட்டாலே கடைசி ரூம் வரைக்கும் கேக்குது. வாசிக்கறதையே விட்டுடலாம்னு பாத்தேன். முடியல.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. மேலே அவள் கேட்கவில்லை. ஆனால் மனசு ஆறவில்லை. இப்படி வாசிக்கிற பிள்ளையைத் திருடனைப் போலப் பதுங்க வைத்தானே, அவனெல்லாம் ஒரு அண்ணனா? பெரிய மீசையும் முறைப்புமாக ஓர் ஆளை மனசுக்குள் நிறுத்தி, கடை அடைக்கும் வரை திட்டித் தீர்த்தாள்.

அடுத்த வாரம் அதே கிட்டார் திரும்பி வந்தது. கொண்டுவந்தவருக்கு மீசையே இல்லை.

“தம்பி இங்க வாங்கினானாம். இதை மாத்திக் குடுப்பீங்களா?”

“ஓ, நீங்கதான் அந்த அண்ணனா?”

அவர் பையின் ஜிப்பைத் திறக்கச் சிரமப்பட்டார். அப்போதுதான் கவனித்தாள். இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. அந்தக் கட்டைவிரல் தன்பாட்டுக்குக் கிட்டாரின் கழுத்தை அளந்து தடவியது. அது பழகிய கை.

“நீங்களும் வாசிப்பீங்களா?”

“வாசிச்சேன். பட்டறையில விரல் போச்சு. அவனுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்.”

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பாவம்தான், மனசு வலிக்காமல் இருக்குமா? அதற்காக, தன்னால் முடியாததைத் தம்பியும் செய்யக் கூடாதா? கூடப் பிறந்தவனிடமே இத்தனை பொறாமையா? வாய்க்கு வந்ததை அடக்கி அவளுக்குப் பழக்கமில்லை.

“தப்பா நினைக்காதீங்க. உங்க கஷ்டம் புரியுது. ஆனா அந்தப் பிள்ளை உங்களுக்காக எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கு! கடையிலயே சத்தம் கம்மியானதா பாத்து எடுத்துட்டுப் போச்சு. கதவைச் சாத்திட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு வாசிக்குது. அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையா? இதுக்கும் கீழ வேணும்னா கம்பி கட்டாத கிட்டார்தான் குடுக்கணும்!”

அவர் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பொறுமையாகக் கேட்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் நிமிர்ந்தார்.

“என் எதிர்லயே வாசிடான்னு எவ்வளவோ சொல்லிட்டேங்க. நான் ஒப்புக்குச் சொல்றேன்னு நினைச்சுக்கறான். முன்னாடியாவது வெளிய கேக்கும். எனக்கு அது போதும். இப்போ ஒரு வாரமா அவன் ரூம் கதவுல காதை வெச்சுக்கிட்டு நிக்கறேன், ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. பாக்க இதே மாதிரி, ஆனா கதவைத் தாண்டிக் கேக்கற மாதிரி ஒண்ணு இருக்குமா?”