திரும்பிப் பாராத நடை

தொண்டைமானாற்றுக் கடலில் குளிக்கப் போன கேதீஸ்வரன் கரைக்கு வரவில்லை. தர்சிகாவும் அவனும் காதலித்த காலத்திலிருந்தே அவர்களுக்குப் பிடித்த கரை அது. கலியாணத்துக்குப் பிறகும் ஞாயிறுதோறும் போவார்கள். “நீர் நடவும், நான் வாறன்” என்று அவன் எப்போதும் பிந்தியே கரையேறுவான்.

வருடங்கள் போயும் உடல் கிடைக்கவில்லை. அவளும் இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கைச் செய்ய விடவில்லை.

“கடலென்ன அடகுக்கடையோ தங்கச்சி, கொண்டுபோனதைத் திருப்பித் தர?” என்று அண்ணன் சிவகரன் கத்திய பிறகுதான் சம்மதித்தாள்.

உடலுக்குப் பதிலாகத் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து எரித்தார்கள். சாம்பலை அவளே அந்தக் கடலில் கரைத்தாள்.

“இனித் திரும்பிப் பாராமல் வீட்டை போ, பிள்ளை. பாத்தியெண்டால் அந்த ஆத்துமாவுக்குக் கரையேற்றமில்லை” என்றார் ஐயர்.

சிவகரன் ஐயரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். தர்சிகா மணலில் தனியே நடந்தாள். சற்று நேரத்தில், இடுப்பில் கட்டிய ஈரச் சாரம் காலில் அடிபடும் சத்தம் பின்னால் கேட்டது.

“மெல்ல நடவுமன் தர்சி. மணல் சுடுது.”

கேதீஸ்வரனுடைய குரல்தான். திரும்பினால் ஒருமுறை முகத்தைப் பார்க்கலாம். அவள் திரும்பவில்லை. வீட்டு வளவுக்குள் நுழைந்ததும், கையை மட்டும் பின்னால் நீட்டிப் படலையைச் சாத்தினாள்.

முற்றத்தில் நின்ற மகள் ஆரணி தாயைத் தாண்டிப் பார்த்தாள்.

“அம்மா, அப்பா நனைஞ்சுபோய் நிக்கிறார். ஏன் சாத்துறியள்?”

தர்சிகா திரும்பாமலே படலையின் கொளுக்கியைப் போட்டாள்.