பங்கு பிரித்தவர்

வியட்நாம் போர் முற்றியிருந்த வருடம் அது. நாட்ராங் தளத்தில் மேஜர் கியெமின் ஹெலிகாப்டர் படையை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு பாதி அங்கேயே இருக்கும். மறு பாதி, சண்டை மும்முரமாக நடக்கும் பிளைகுவுக்குப் போகும்.

யாரை அனுப்புவது என்ற முடிவு கியெமிடமே விடப்பட்டது. அவருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்தது போலிருந்தது. குடிகாரன் லாம், எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசும் குவே, தரையிறக்கும்போதெல்லாம் ஹெலிகாப்டரின் காலை ஒடிக்கும் துவான் என்று எல்லாத் தலைவலிகளையும் பிளைகுவுக்குத் தள்ளிவிட்டார்.

"அங்க வரப்போற கமாண்டர் பாவம் சார்," என்று துணை அதிகாரி சிரித்தார்.

"அது அவன் தலையெழுத்து. நமக்கென்ன?"

மறுநாள் கர்னல் கூப்பிட்டனுப்பினார்.

"பிரிச்சாச்சா கியெம்? ரெண்டும் சரிபாதியா இருக்கா?"

"தராசுல நிறுத்த மாதிரி சார். சொல்லப்போனா, நல்ல பசங்களைத்தான் பிளைகுவுக்குக் கொடுத்திருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம். எங்க வீட்டுல அண்ணன் தம்பி ஆறு பேர். புத்தாண்டுப் பலகாரத்தை வெட்டுறவனுக்குக் கடைசித் துண்டுதான்னு அம்மா கண்டிப்பா சொல்லிடுவாங்க. அப்பத்தான் வெட்டு நேரா விழும். இங்க உங்க துணை அதிகாரி பார்த்துக்கட்டும். பிளைகுவுக்கு நீங்கதான் கமாண்டர்."

கியெம் வெளியே வருவதற்குள் செய்தி பரவிவிட்டது. லாம் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"எங்களை வேண்டாம்னு கழிச்சுக்கட்டுறீங்கன்னு தப்பா நெனச்சுட்டோம் சார். தனியா அனுப்ப மனசு வராம, கூடவே வர்றீங்களே!"